அம்பு தானா நகர்ந்த வீடு

போன மாசம் நான் முன்ன வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடைப் பிள்ளைங்க என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்களுக்கு ஆன்டிவைரஸ் பத்தியும் ரான்சம்வேர் பத்தியும் கொஞ்சம் பேசணுமாம். போனேன், பேசினேன், கேக் ஒரு துண்டும் ப்ளேன்டீயும் குடுத்தாங்க. கடைசியில ஒரு பிள்ளை எழும்பி, "அங்கிள், உங்க சர்வீஸ்ல ரொம்பக் கஷ்டமான கேஸ் எது?"ன்னு கேட்டிச்சு. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். உண்மையான பதில் பஸ்ஸை விட்டு இறங்குற வரைக்கும் நெஞ்சுக்குள்ளேயே கிடந்திச்சு. வீட்டில போய்ச் சொல்றதுக்கும் ஆள் இல்ல. அதனால எழுதுறேன்.

என் பேர் அந்தோனி. ரத்தோட்டைக்கு மேல, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்னுல, லயத்து வரிசை வீட்டுல பிறந்தவன். ரேடியோ திருத்தப் பழகி, அதுல இருந்து டீவிக்கு மாறி, பிறகு மாத்தளை டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில சேர்ந்து அங்கேயே தலை நரைச்சவன். மனைவி பிலோமினா கர்த்தருக்குள்ள போய்ச் சேர்ந்துட்டா. பிள்ளைங்க இல்ல. படிச்சது எப்படி, பழகினது எப்படின்னு நீட்டினா எனக்கே கொட்டாவி வரும், அதை விட்டுடலாம்.

என்னைத் தொழில்காரனாக்கினது எங்க முதலாளி பண்டார மஹத்தயா. மஹத்தயான்னா சிங்களத்துல ஐயா. குரல உயர்த்திப் பேசின மனுஷன் இல்ல. எந்த மெஷின் வந்தாலும் முதல்ல கை வெக்க மாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு, மெஷின்காரரை உட்கார வெச்சு, ப்ளேன்டீ சொல்லி, "இது கடைசியா நல்லா இருந்தது எப்ப?"ன்னு கேப்பார். என்ன பிழை செஞ்சீங்கன்னு கேக்கவே மாட்டார். பிழையக் கேட்டா மனுஷன் பொய் சொல்லுவான், நல்லா இருந்த நாளைக் கேட்டா எல்லாத்தையும் கொட்டிடுவான்னு அவர் கணக்கு. நான் அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தா, "அந்தோனி, ஹெமின் ஹெமின்"னு, மெதுவா மெதுவான்னு சிங்களத்துல சொல்லி, கையைத் தட்டிவிடுவார். அந்த 'ஹெமின்'ல எத்தனையோ மெஷின் உயிர் பிழைச்சிருக்கு.

அவர்கிட்ட இன்னொரு சட்டமும் இருந்திச்சு. அடுத்தவன் மெஷினுக்குள்ள போனா போன வேலையை மட்டும் பாரு, முடிஞ்சதும் வெளிய வா. குழாய் திருத்தப் போனவன் அலுமாரியைத் திறந்து பார்க்கலாமா? அங்க இருக்கவும் கூடாது, இன்னொருத்தன் மாதிரி நடிக்கவும் கூடாது. நான் அந்தச் சட்டத்தை என் சர்வீஸ் முழுக்கக் காப்பாத்தினவன்.

எனக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். அதுவும் ஆன்டிவைரஸ் விஷயத்துல. இல்லாததால கெட்ட மெஷினை விட, இருந்ததை நிறுத்தி வெச்சதால கெட்ட மெஷினைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கேன். டியூஷன் மாஸ்டர் ஒருத்தர் இருந்தார். எந்த சாஃப்ட்வேரையும் காசு குடுத்து வாங்க மாட்டார், களவுக் காப்பிதான். அந்தக் களவுக் காப்பியோட ஒரு குறிப்பும் வரும்: "முதல்ல ஆன்டிவைரஸை நிறுத்துங்க." இவரும் நிறுத்துவார். திருடன் வாசல்ல நின்னு, "நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க"ன்னு கேட்டா கட்டுவீங்களா மாஸ்டர்னு கேட்டேன். "அது வேற அந்தோனி, இது வேற"ன்னார். அட, என்னத்தச் சொல்ல!

ஒரு காலத்துல எல்லாம் பென் டிரைவ்ல வந்திச்சு. போட்டோக்காப்பிக் கடைக்குப் போய் ஒரு தாள் பிரின்ட் எடுத்துட்டு வந்தா, ஊர் வைரஸ் முழுக்கச் சட்டைப்பையில வரும். அதெல்லாம் குறும்புக்காரப் பிள்ளைங்க மாதிரி, ஃபைலை மறைக்கும், மெஷினை மந்தமாக்கும், அடிச்சு விரட்டிடலாம். ரான்சம்வேர் அப்படி இல்ல. உங்க அலுமாரியில ஒரு சாமானையும் தொடாது, எடுக்காது. அலுமாரிக்குத் தன்னோட பூட்டைப் போட்டுட்டு, வாசல்ல ஒரு சீட்டை ஒட்டி, சாவி வேணும்னா பணம் அனுப்புன்னு சொல்லும். அனுப்பினாலும் சாவி வரும்ங்கிறதுக்கு ஒரு உத்தரவாதமும் இல்ல. சாமான் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், பேர் கூடத் தெரியும், திறக்க முடியாது.

இனி அந்தக் கேஸ்.

அலுவிகாரையில மெயின் ரோட்டுக்குக் கொஞ்சம் உள்ளுக்கு ஃபாத்திமா ராத்தா வீடு. ராத்தான்னா அக்கா, எங்க பக்கத்து முஸ்லிம் ஆளுங்க வழக்கம். என்னை விட மூத்தவங்க, அதனால நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவங்க புருஷன் ஹாஜியார், பல்லேபொலப் பக்கம் தோட்டந்தோட்டமாப் போய் மிளகும் கராம்பும் வாங்கி யாவாரம் பண்ணினவர். காலமாகிட்டார். ஒரே மகன் ரிஸ்வான், கட்டார்ல வேலை. அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் எங்க கடையில வாங்கினது.

அந்த வீட்டுச் சுவர்ல ஒரு படம் இருக்காது. படம் மாட்டின வீட்டுக்கு மலக்குமார், அதாவது வானதூதருங்க, வரமாட்டாங்கன்னு ஹாஜியார் மாட்ட விட்டதில்ல. அதனால கல்யாணம், ஹஜ் பயணம், மகன் பள்ளிக்கூடம் போனது எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளதான். ஹாஜியார் முத்தத்துல மிளகு காய வெச்சுக்கிட்டே மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுற ஒரு வீடியோ இருந்திச்சு. அவர் குரல் இந்த உலகத்துல மிச்சம் இருந்தது அதுல மட்டும்தான்.

ஒரு நாள் காலையில கடைக்கு போன் வந்திச்சு. "தம்பி, கம்ப்யூட்டர் செவந்து போச்சு. படமெல்லாம் தொறக்குதில்ல. ஒருக்கா வாங்களேன்." நிறுத்தாதீங்க, ஒன்னையும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு த்ரீவீலர்ல போனேன். திரை முழுக்கச் சிவப்பு, நடுவில இங்கிலீஷ்ல சீட்டு. முதல்ல இன்டர்நெட் வயரைக் கழட்டினேன். மெஷினை நிறுத்தல. சீட்டைப் போன்ல படம் எடுத்தேன். பின்னால கையை விட்டுத் தடவினா காப்பி வெக்கிற வெளி டிஸ்க் மெஷின்லயே குத்தியபடி இருக்கு, மேல பூப்போட்ட துணி வேற போர்த்தி. கழட்டி வெச்சாத் தொலைஞ்சிடும்னு கழட்டவே இல்லையாம். காப்பியும் பூட்டுக்குள்ள போயிருந்திச்சு.

எரிச்சல் வந்திச்சு. "காப்பியை மெஷினோட கட்டி வெச்சா அது என்ன காப்பி ராத்தா? வீடு பத்தினா ரெண்டும் சேர்ந்துதானே பத்தும்!"னு கத்தப் போனேன். பண்டார மஹத்தயா ஞாபகம் வந்திச்சு. கதிரையை இழுத்து உட்கார்ந்து, "இது கடைசியா நல்லா இருந்தது எப்ப ராத்தா?"ன்னு கேட்டேன்.

அவங்க முகத்துல ஒரு சந்தோஷம் வந்திச்சு பாருங்க, இப்ப நினைச்சாலும் எனக்கு என்னமோ பண்ணுது.

"நேத்து நல்லா ஈந்திச்சு தம்பி. நேத்து மகன் வந்தான்."

"ரிஸ்வானா? ஊருக்கா?"

"ஊருக்கில்ல. இதுக்குள்ள."

விளக்கினாங்க. அங்க இருந்துக்கிட்டே இந்த மெஷினைத் திறக்குற மாதிரி ரிஸ்வான் ஒரு சாஃப்ட்வேர் போட்டு வெச்சிருக்கான். உம்மாவுக்கு எதை அமத்தணும்னு தெரியாதுன்னு, இங்க யாரும் சம்மதம் குடுக்காமலே உள்ள வர மாதிரி. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிஞ்சு வருவான். திரையில அந்தச் சின்ன அம்பு தானா ரெண்டு சுத்து சுத்தும். அது அவன் சலாம். அப்புறம் மெஷினைக் கூட்டித் துடைப்பான், படங்களை அடுக்குவான். இவங்க பக்கத்துல இருந்து வெங்காயம் வெட்டிக்கிட்டே பார்ப்பாங்க. நோட்பேடைத் திறந்து இவங்க ஒத்த விரல்ல, இங்கிலீஷ் எழுத்துல தமிழைத் தட்டி ஏதாச்சும் கேப்பாங்க. அவன் பதில் போடுவான்.

"போன்ல பேசலாமே ராத்தா?"

"பேசுவான். அவன் தங்கியிருக்கிற கேம்ப்ல ஒரே சத்தம், ரெண்டு நிமிஷத்துல வெச்சிருவான். அம்பு இங்க நின்டா அவனும் இங்க நிக்கிறான் தம்பி."

அப்புறம் வேலை கூடிடுச்சாம், மாசக்கணக்கா வரல. நேத்து வெள்ளிக்கிழமை கூட இல்ல. கம்ப்யூட்டரைப் போட்டு அவங்க பாட்டுக்குக் குர்ஆன் ஓதல் கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம், திடீர்னு அம்பு நகர்ந்திருக்கு.

"சுத்திச்சா?"

கொஞ்சம் யோசிச்சாங்க. "இல்ல. சுத்தல்ல. அலுப்பு போலன்னு நெனச்சேன். நேராப் போய் அந்த மூலையில ஈக்கிற கேடயத்தைத் தொறந்து அணைச்சான். ஏதோ திருத்துறானேன்னு இருந்தேன். ஏதாச்சும் பிசகாத் தட்டிட்டான் போல. அவனுக்கு ஏசாதீங்க தம்பி, பாவம் புள்ள."

அந்தக் கேடயம்தான் ஆன்டிவைரஸ்.

நான் திரையோட கீழ்ப்பட்டையைப் பார்த்தேன். சிவப்புச் சீட்டுக்குப் பின்னால நோட்பேட் ஒன்னு திறந்தபடி கிடந்திச்சு. மெஷினை நிறுத்தாததால அது அழியாம இருந்திருக்கு. அமத்தினேன். முதல் வரி அவங்களோடது: சாப்பிட்டியா மகன்? ரெண்டாவது வரி: ஓகே.

அவ்வளவுதான். எங்கேயோ இருந்த ஒரு திருடன், இந்த வீட்டு அலுமாரிக்கெல்லாம் பூட்டுப் போட்டுக்கிட்டிருந்த நடுவுல, அதைத் தட்டிட்டுப் போயிருக்கான்.

"இதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வரலையா ராத்தா?"

"என்ன சந்தேகம்? மகனும் அப்பிடித்தானே எழுதுவான், ஓகேன்னு."

சாஃப்ட்வேரோட பதிவைத் திறந்து பார்த்தேன். வந்த வழி கட்டார் இல்ல. வேற எந்த நாடோ. ரிஸ்வான் எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வர்ட் வெச்சிருக்கான் போல, எங்கேயோ அது களவு போயிருக்கு, வாங்கினவன் ஒவ்வொரு கதவாத் தட்டிப் பார்த்திருக்கான். என் கைக்கு அது புது வேலை இல்ல. ஆனா வாயால சொல்ல வேண்டியிருந்ததே, அதுக்குத்தான் தெம்பு வரல. படம் போச்சுன்னு சொல்றது ஒரு வேலை. நேத்து உங்க பக்கத்துல இருந்தது உங்க பிள்ளை இல்லன்னு எப்படிச் சொல்றது? சொல்லாம விட்டா ரிஸ்வான் மேல பழி நிக்கும், பாஸ்வர்டும் மாறாது, நாளைக்குத் திரும்பவும் வருவான்.

சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன், ஹெமின்.

அவங்க அழல. முந்தானையை இழுத்துத் தலையில சரியாப் போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்குள்ள அந்நியன் ஒருத்தன் நிக்கிறான்னு இப்பத்தான் தெரிஞ்ச மாதிரி இருந்திச்சு அது. அப்புறம், "யா அல்லாஹ், எவ்வளவு நேரம் பார்த்துட்டு ஈந்தேன்"ன்னாங்க. பிறகு, "இந்த ஓகேயை மகனுக்குச் சொல்லாதீங்க தம்பி. திருடன் வந்தான்னு மட்டும் சொல்லுங்க. நான் அவன்னு நெனச்சது அவனுக்குத் தெரிய வேணாம்."

"ஹாஜியார்ட வீடியோ?"ன்னு அதுக்கப்புறம்தான் கேட்டாங்க. கையில இருந்த வளையலைத் தடவிக்கிட்டே, "பணம் அனுப்பினாத் தருவானா?"ன்னாங்க. வேணாம்னேன். பொய் சொன்னவன்கிட்டப் பணத்தையும் குடுத்துட்டு எதை நம்பிக் காத்திருக்கிறது?

வேலையை முறைப்படி செஞ்சேன். பூட்டின ஃபைல் எல்லாத்தையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன், ஒன்னையும் அழிக்கல. இப்படிப்பட்ட பூட்டுக்குச் சில நேரம் சாவி பின்னால வெளிவரும், திருடனைப் பிடிக்கிறதும் உண்டு. அழிச்சவனுக்கு அந்தச் சாவியால பிரயோசனம் இல்ல. அப்புறம் மெஷினைச் சுத்தமாக் கழுவி, எல்லாத்தையும் புதுசாப் போட்டு, அப்டேட் தானா வர மாதிரி வெச்சு, ஆன்டிவைரஸைப் பாஸ்வர்ட் இல்லாம யாரும் அணைக்க முடியாம பண்ணினேன். வெளி டிஸ்க்கை, காப்பி எடுக்கிற நேரம் மட்டும் குத்தி மத்த நேரம் அலுமாரியில வெக்கச் சொன்னேன். ரிஸ்வான் போட்டிருந்த சாஃப்ட்வேரை வேரோட பிடுங்கினேன்.

"அப்ப மகன் எப்பிடி வருவான்?"ன்னு கேட்டாங்க.

வர்றதுக்கு வேற ஒன்னு போட்டுக் குடுத்தேன். இதுல யார் வந்தாலும் முதல்ல திரையில ஒரு பெட்டி வரும், இன்னார் வரப் பார்க்கிறார், விடவான்னு பேரோட கேக்கும். இவங்க பச்சையை அமத்தினாத்தான் கதவு திறக்கும். அமத்திப் பழக்கிக் காட்டினேன், நல்லாவே பிடிச்சுக்கிட்டாங்க.

ரிஸ்வானுக்கு போன் எடுத்தேன். பாஸ்வர்ட் எல்லாத்தையும் மாத்தச் சொன்னேன். "நான் போட்டு வெச்சதாலயா அங்கிள்? வாப்பாட குரல் போனது என்னாலயா?"ன்னான். களவெடுத்தவனாலன்னு சொன்னேன். அவன் போன்ல வாப்பாவோட படம் கொஞ்சம் இருந்திருக்கு, அன்னைக்கே அனுப்பினான். புது வழியைப் பத்திச் சொன்னேன். "வேணாம் அங்கிள். இனி நான் அந்தக் கம்ப்யூட்டர்ல கை வெக்கல்ல. நீங்களே பார்த்துக்கங்க"ன்னான். நல்ல பிள்ளை, ரெண்டு ஷிப்ட் அடிக்கிறவன். ரெண்டு நிமிஷ போன் ஒழுங்கா வருது. ஆனா அம்பு வரல.

என் சர்வீஸ்ல அதைப் போல ஒழுங்காக் காவல் போட்ட மெஷின் வேற இல்ல. ஒருத்தனும் உள்ள வர முடியாது. ஒருத்தனும் வரவும் இல்ல. வெள்ளிக்கிழமைல கடையில இருந்து எட்டிப் பார்க்கப் போவேன், கம்ப்யூட்டரைப் போட்டு வெச்சு முன்னால உட்கார்ந்திருப்பாங்க. "பெட்டி வரல்ல தம்பி"ன்னு சொல்லிட்டு டீ ஊத்தப் போவாங்க. நான் எதைச் சரியாச் செஞ்சேனோ அதைப் பார்த்து எனக்கே நெஞ்சு வலிக்கும்.

ஓய்வு பெத்ததுக்கு அப்புறம் நான் செய்ய ஆரம்பிச்ச வேலையைத்தான் பிள்ளைங்ககிட்டச் சொல்ல முடியல. வெள்ளிக்கிழமை பின்னேரம் என் வீட்டில இருந்து அந்த மெஷினைக் கூப்பிடுவேன். பெட்டியில என் பேர்தான் போகும், அந்தோனி வரப் பார்க்கிறார்னு. அவங்க பச்சையை அமத்துவாங்க. அப்டேட் வந்திருக்கா, ஸ்கேன் ஓடியிருக்கான்னு பார்ப்பேன். அது ஒரு கண்ணிமைப்பு வேலை. நோட்பேடைத் திறந்து, "ராத்தா, அந்தோனி. எல்லாம் நல்லா இருக்கு"ன்னு போடுவேன். "சாப்பிட்டீங்களா தம்பி"ன்னு வரும். என்ன சமைச்சேன், உப்புக் கூடிடுச்சா, மழை பிடிச்சிருக்கா, எல்லாம் எழுதுவேன். ஓகேன்னு மட்டும் எழுத மாட்டேன். வேலை முடிஞ்சும் நான் வெளிய வர்றதில்ல. பண்டார மஹத்தயா உயிரோட இருந்திருந்தா கையைத் தட்டிவிட்டிருப்பார். பிலோமினா போனதுக்கப்புறம் என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கிற ஒரே இடம் அதுதான், நான் என்ன செய்ய?

பூட்டின டிஸ்க் என் அலுமாரியில பிலோமினாவோட சேலைக்குப் பக்கத்துல இருக்கு. சாவி வந்திருக்கான்னு அப்பப்ப தேடிப் பார்ப்பேன். இன்னும் வரல.

போன வெள்ளிக்கிழமையும் கூப்பிட்டேன். பச்சையை அமத்தினாங்க. ஸ்கேன் பார்த்தேன், நோட்பேடைத் திறந்து பேர் போட்டேன். வழக்கமான கேள்வி வரல. ஒவ்வொரு எழுத்தா, அழிச்சு அழிச்சு வந்திச்சு: தம்பி, அந்த அம்பை ஒருக்கா சுத்திக் காட்டுவீங்களா.

என் கை மவுஸ் மேலேயே கிடந்திச்சு. என் பேர் பெட்டியில போயிருக்கு, அவங்களேதான் அமத்தி விட்டாங்க, யார் வந்திருக்கான்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். இன்னொருத்தன் மாதிரி நடிக்கக் கூடாதுங்கிற சட்டமும் எனக்கு நல்லாத் தெரியும்.

ரெண்டு சுத்து சுத்தினேன்.

லைன் விழுந்திடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் எழுத்து வந்திச்சு.

சாப்பிட்டியா மகன்?

அன்னைக்கு நான் அடுப்பே பத்த வெக்கல. சாப்பிட்டேன் உம்மான்னு எழுதினேன்.